குளிர் நாட்டுப் பேத்திக்கு என்ன பின்னுவது?

கேள்வி: என் மகள் குடும்பம் கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வசிக்கிறது. பேத்திக்கு 2 வயது 8 மாதம். பகலில் டேகேருக்குப் போகிறாள். பள்ளிக் கைவேலை வகுப்பில் கற்ற பின்னலை நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி கையிலெடுத்து, சென்ற குளிர்காலத்தின் கடைசியில் அவளுக்கு ஒரு குல்லா பின்னி அனுப்பினேன். இங்கே கடையில் 8 பிளை உல்லன் நூல் வாங்கி, 8ஆம் எண் ஊசியில் 110 கண்ணி ஏற்றி, 23 செ.மீ. உயரத்துக்குப் பின்னினேன். அது கண் வரைக்கும் இறங்கிவிடுகிறது என்றும், குழந்தை நெற்றியைச் சொறிந்துகொண்டு அதைப் பிடுங்கி எறிகிறாள் என்றும், கழற்றினால் தலை வியர்த்து நனைந்திருக்கிறது என்றும் மகள் சொல்கிறாள். வருகிற நவம்பர் கடைசியில் நானே அங்கு போகிறேன். அதற்குள் குஞ்சம் வைத்த நீளமான மப்ளர், ஐந்து விரல் கையுறை, உச்சியில் நூல் பந்து வைத்த குல்லா மூன்றையும் பின்னி எடுத்துப் போக ஆசை. நூல், அளவு, கண்ணிக் கணக்கு எல்லாவற்றையும் சொல்லி உதவ வேண்டும்.
வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். குன்னூரில் பல ஆண்டுகளாகப் பின்னல் கற்பித்து வருகிற எனக்கு, வெளிநாட்டுப் பேரக் குழந்தைகளுக்காக ஊசியெடுக்கும் பாட்டிமார்களிடமிருந்து வரும் கடிதங்களில் உங்களுடையது மிகவும் உதவியான ஒன்று. ஏனென்றால் எத்தனை கண்ணி (ஊசியில் ஏறும் நூல் வளையம்), எந்த எண் ஊசி, என்ன நூல் என்று மூன்றையும் எழுதியிருக்கிறீர்கள். இவை இல்லாமல் "குல்லா பெரிதாகிவிட்டது" என்று மட்டும் எழுதினால் எங்களால் ஊகம்தான் சொல்ல முடியும். நீங்கள் நினைத்திருக்கும் மூன்றில் குல்லாவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மப்ளரும் ஐந்து விரல் கையுறையும் இந்த வயதுக்கு வேண்டாம். அவற்றுக்கு மாற்றாக என்ன பின்னலாம் என்பதையும், பழைய குல்லாவில் நடந்தது என்ன என்பதையும் விரிவாகச் சொல்கிறேன்.

மப்ளரை ஏன் தவிர்க்கச் சொல்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இது விருப்பு வெறுப்பைச் சேர்ந்த விஷயமில்லை. டேகேரில் குழந்தைகளைப் பனிக்காலத்திலும் வெளியே விளையாட விடுவார்கள். சறுக்கு மரத்திலோ ஏணியிலோ வேலியிலோ மப்ளரின் ஒரு நுனி மாட்டிக்கொண்டு குழந்தை கீழே சறுக்கினால், கழுத்தைச் சுற்றிய மறுபாதி சுருக்குக் கயிறாகிவிடும். கனடாவின் குழந்தை மருத்துவர் சங்கம் பெற்றோர்களுக்குச் சொல்லும் குளிர்கால அறிவுரையிலேயே மப்ளருக்குப் பதில் கழுத்து வளையம், கையுறைகளை இணைக்கும் கயிற்றுக்குப் பதில் கிளிப் என்று இருக்கிறது. ஆகவே இரண்டு கையுறைகளையும் ஒரு நீளக் கயிற்றில் கோத்துச் சட்டைக் கைகளுக்குள் விடும் பழைய வழக்கத்தையும், குல்லாவுக்குத் தாடைக்கடியில் கட்டும் நாடாவையும் சேர்த்தே விட்டுவிடுங்கள். உச்சியில் வைக்கும் நூல் பந்தையும் நான் வைக்க மாட்டேன். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை அதைப் பிய்த்து நூல் துண்டுகளை வாயில் போடலாம் என்பது ஒரு காரணம். நடைமுறைக் காரணம் இன்னொன்று உண்டு: காற்றடிக்கும் நாளில் பனிக்கோட்டின் தலைமூடியைக் குல்லாவுக்கு மேலே இழுத்துவிடுவார்கள், உச்சியில் ஒரு பந்து நின்றால் தலைமூடி சரியாக உட்காராமல் பின்னால் நழுவிக்கொண்டே இருக்கும்.

இனி குல்லாவுக்கு வருகிறேன். இந்த வயதில் குழந்தையின் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 48 முதல் 50 செ.மீ. வரை இருக்கும். 8 பிளை (பிளை என்பது நூலின் தடிப்பைச் சொல்லும் அளவு) நூலை 8ஆம் எண், அதாவது 4 மி.மீ. ஊசியில் பின்னினால், 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணி விழ வேண்டும் என்பது பொதுக் கணக்கு. அந்தக் கணக்கில் உங்கள் 110 கண்ணி 50 செ.மீ. ஆகிறது, தலைக்குச் சரியான அளவுதானே என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். பிழை இரண்டு இடத்தில் இருக்கிறது. பின்னிய துணி இழுபடும் துணி. அது தலையை மெல்லப் பற்றிக்கொண்டு நிற்க வேண்டுமானால் தலையைவிடச் சில செ.மீ.யாவது குறைவாக இருக்க வேண்டும். பனியனின் கழுத்துப்பட்டி தலை வழியாக நுழைந்த பிறகு கழுத்தில் படிந்து நிற்பதும் இதே தத்துவத்தால்தான். இரண்டாவது, பல ஆண்டுகள் இடைவெளி விட்டுப் பின்னுகிறவர்களின் கை பெரும்பாலும் தளர்ந்திருக்கும். உங்களுக்கு 10 செ.மீ.க்கு 22க்குப் பதில் 20 கண்ணிதான் விழுந்திருந்தால், அதே 110 கண்ணி 55 செ.மீ. ஆகிவிடும். 49 செ.மீ. தலையில் 55 செ.மீ. குல்லா கண்ணை மறைக்காமல் வேறென்ன செய்யும்?

ஆகையால், என் வகுப்பில் எவ்வளவு கெஞ்சினாலும் நான் விட்டுக்கொடுக்காத ஒன்றை உங்களிடமும் கேட்கிறேன்: மாதிரித் துண்டு. வாங்கிய நூலில் 30 கண்ணி ஏற்றி, ஒரு வரிசை நிட் (நேர்க் கண்ணி), ஒரு வரிசை பர்ல் (எதிர்க் கண்ணி) என்று 12 செ.மீ. உயரம் வெறும் பின்னலாகப் பின்னி மூடுங்கள். குல்லாவை எப்படித் துவைப்பார்களோ அப்படியே அதைத் துவைத்து, தட்டையாகக் காய வைத்து, ஓரங்களை விட்டுவிட்டு நடுவில் 10 செ.மீ.க்குள் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். 20 வந்தால் 9ஆம் எண் ஊசிக்கு மாறுங்கள். 24 வந்தால் 7ஆம் எண்ணுக்கு மாறுங்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பழைய பிரிட்டிஷ் எண் முறையில் எண் கூடக் கூட ஊசி மெலியும் என்பது உங்களுக்குத் தெரியும். கனடாவில் உங்கள் மகள் ஊசி வாங்கித் தர நினைத்தால் அங்கே அமெரிக்க எண்ணும் புழங்கும். அதில் எண் கூடினால் ஊசி தடிக்கும். நம் 8ஆம் எண் அங்கே 6. அங்கே 8 என்று கேட்டு வாங்கினால் 5 மி.மீ. ஊசி வந்து நிற்கும். மி.மீ. அளவைச் சொல்லி வாங்குவதே பிழையில்லாத வழி. இன்னொரு சிறிய விஷயம்: கும்பகோணத்து வெயிலில் பிற்பகலில் கை வியர்த்து நூல் ஊசியில் ஒட்டிக்கொண்டால் பின்னல் இறுகும், காலையில் அதே கை தளரும். மாதிரியைப் பின்னும் பொழுதும் குல்லாவைப் பின்னும் பொழுதும் ஒன்றாக இருந்தால் நல்லது.

அரிப்பும் வியர்வையும் நூலைப் பற்றிய கேள்விகள். நம் பக்கத்துக் கடைகளில் உல்லன் என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் அக்ரிலிக்; நூல்கண்டைச் சுற்றியிருக்கும் தாளைத் திருப்பிப் பார்த்தால் அச்சிட்டிருப்பார்கள். அக்ரிலிக்கை நான் பழிக்க மாட்டேன், விலை மலிவு, துவைக்கச் சுலபம், பூச்சி அரிக்காது. ஆனால் அது ஈரத்தை உள்வாங்காது. ஓடியாடும் குழந்தைக்குக் கோட்டுக்குள் வியர்க்கும்போது அந்த ஈரம் தோலுக்கும் நூலுக்கும் நடுவே நின்றுவிடும். பிறகு குளிர்ந்த காற்று பட்டால் அந்த ஈரமே தலையைச் சில்லிட வைக்கும். ஆட்டுக் கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் கையால் தொட்டால் ஈரம் தெரியாமல் இருக்கக் கூடியது. அதன் இழைகள் சுருண்டு சுருண்டு இருப்பதால் இடுக்குகளில் காற்று தங்குகிறது, அந்தக் காற்றுதான் உண்மையில் கதகதப்பைத் தருவது. பருத்தி நூல் மென்மையாக இருக்கிறதே என்று அதன் பக்கம் போய்விடாதீர்கள்; நனைந்த பருத்தி காய நெடுநேரமாகும், பனியில் அதைப் போல ஆகாதது வேறில்லை.

கம்பளி என்றாலே குத்தும் என்ற பயம் நமக்கு உண்டு. ரயில் பயணத்துக்கென்று வீட்டில் வைத்திருந்த கருப்புக் கம்பளிப் போர்வை கொடுத்த பயம் அது. குத்துவது கம்பளியின் குணமில்லை, இழையின் தடிப்பு. 30 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட தடித்த இழைகளின் முனை தோலில் ஊசி போல் நிற்கும். மெரினோ என்னும் ஆட்டினத்தின் மெல்லிய இழை 20 மைக்ரானுக்கும் கீழே இருக்கும், வளைந்து கொடுக்கும். வாங்கும்போது உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துப் பயனில்லை. காதுக்குக் கீழே கழுத்தில் இரண்டு நிமிடம் வைத்துப் பாருங்கள். சூப்பர்வாஷ் என்று எழுதிய மெரினோவாகத் தேர்ந்தெடுப்பது உங்கள் மகளுக்கு நீங்கள் செய்யும் உதவி. சாதாரணக் கம்பளி சுடுநீரிலும் சோப்பிலும் புரண்டால் இழையின் மேலுள்ள செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி சுருங்கிக் கெட்டியாகிவிடும். சூப்பர்வாஷ் நூலில் அந்தச் செதில்களை மழுக்கியிருப்பதால் இயந்திரத்தில் போடலாம். வேலைக்குப் போகும் ஒரு தாயிடம் வாரந்தோறும் கையால் துவைக்கச் சொல்லி ஒரு குல்லாவைக் கொடுத்தால் அது அலமாரியில்தான் இருக்கும். கும்பகோணத்தில் இந்த நூல் கிடைக்காவிட்டால் இணையக் கடைகளில் வாங்கலாம். மூன்று பொருளுக்கும் சேர்த்து 50 கிராம் கண்டுகள் நான்கு போதும், சிறிது மிஞ்சும். நான்கிலும் சாய எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து ஒரே முறையில் வாங்கிவிடுங்கள். நிறத்தைப் பேத்தியிடமே காணொளியில் காட்டிக் கேளுங்கள். வெள்ளையும் வெளிர் சாம்பலும் வேண்டாம். பனியில் விழுந்த வெள்ளைக் கையுறையைத் தேடுவது யாருக்கும் பிடித்த வேலையில்லை.

நெற்றி அரிப்புக்கு நூல் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை, அக்ரிலிக் பொதுவாக அவ்வளவு குத்தாது. நீங்கள் நேர் ஊசியில் பின்னிப் பின்பக்கம் தைத்திருந்தால் அந்தத் தையலின் மேடும், இறுக்கமாகக் கண்ணி ஏற்றிய ஓரமும் தோலில் வரிவரியாகப் பதிந்திருக்கும். இந்த முறை 40 செ.மீ. வட்ட ஊசியில் (இரண்டு ஊசி முனைகளை ஒரு வளையும் கம்பி இணைத்திருக்கும்) சுற்றிச் சுற்றிப் பின்னுங்கள், தையலே வராது. கண்ணி ஏற்றும்போது இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் பிடித்து அவற்றின் மேல் ஏற்றி, பிறகு ஒன்றை உருவிவிட்டால் ஓரம் இளகி நிற்கும்.

கணக்கு இது: மாதிரியில் 22 கண்ணி வந்தால் 96 கண்ணி ஏற்றுங்கள்; சுற்றளவு 44 செ.மீ.க்குச் சற்றுக் குறையும், 49 செ.மீ. தலைக்கு அது போதும். 96 என்பதை நான் தேர்ந்தெடுக்கக் காரணம் அது நான்காலும் எட்டாலும் வகுபடும் என்பதே. 10ஆம் எண் வட்ட ஊசியில் இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாற்றி மாற்றி 10 செ.மீ. ரிப் பின்னுங்கள். பனியனின் கழுத்துப்பட்டியைப் பெரிதாக்கிப் பார்த்தது போல இருக்கும். இரு பக்கமும் ஒரே தோற்றம் என்பதால் மடித்தாலும் அழகு கெடாது. இந்தப் பட்டியைப் பாதியாக மேலே மடித்துவிட்டால் காதின் மேலும் நெற்றியிலும் இரண்டு அடுக்கு கிடைக்கும். பின்னல் துணியின் கண்கள் வழியே காற்று புகுந்துவிடும் என்பதால், குளிர் அதிகம் தாக்கும் காதுக்கு இந்த இரட்டை அடுக்கு அவசியம். அடுத்த வருடம் தலை வளர்ந்தால் மடிப்பைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது கூடுதல் லாபம். ரிப் முடிந்ததும் 8ஆம் எண் வட்ட ஊசிக்கு மாறி எல்லாச் சுற்றும் நிட்டாக, அதாவது பனியன் துணியின் முகப்பைப் போல, 7 செ.மீ. பின்னுங்கள்.

பிறகு உச்சி. 10 கண்ணி நிட், அடுத்த இரண்டைச் சேர்த்து ஒன்று என்று சுற்று முழுவதும் எட்டு முறை செய்தால் 88 ஆகும். அடுத்த சுற்றைக் குறைக்காமல் பின்னுங்கள். அதற்கடுத்த குறைப்புச் சுற்றில் 9 கண்ணிக்குப் பின் இரண்டைச் சேர்க்க 80 ஆகும். இப்படி ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் எட்டெட்டாகக் குறைத்து 48 வந்ததும், அதன்பின் எல்லாச் சுற்றிலும் குறைத்து 8 கண்ணி மிஞ்சும் வரை வாருங்கள். கண்ணிகள் குறையும்போது வட்ட ஊசி நீளமாகிவிடும். இருமுனை ஊசிகளுக்கு மாறிக்கொள்ளுங்கள். கடைசியில் நூலை வெட்டி, மழுங்கிய தடித்த ஊசியில் கோத்து, 8 கண்ணியிலும் இரண்டு முறை ஓட்டி இறுக்கி உள்பக்கம் மறைத்துவிடுங்கள். உயரம் மொத்தம் 23 செ.மீ., மடித்தால் 18 செ.மீ.; காதின் மடல் வரை மூடும். வட்ட ஊசி பழக்கமில்லை என்றால் நேர் ஊசியில் 98 கண்ணி ஏற்றி, இரண்டு கண்ணியைத் தையலுக்கு விட்டு அதே கணக்கில் பின்னலாம். மடித்து மேலே வரும் கீழ்ப் பகுதி 5 செ.மீ.யை மட்டும் மறுபக்கமிருந்து தைத்தால் தையல் வெளியே தெரியாது, நெற்றியையும் உறுத்தாது.

இந்தக் குல்லா எவ்வளவு முக்கியம் என்று கேட்டால், உடல் வெப்பத்தில் பாதி தலை வழியாகப் போகிறது என்று ஊரில் சொல்வது மிகை. பெரியவர்களுக்குத் தலை உடல் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். ஆனால் பிறந்த குழந்தைக்கு அது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, உங்கள் பேத்தியின் வயதிலும் பெரியவர்களைவிட விகிதத்தில் அதிகம். டொராண்டோவில் ஜனவரி இரவு வெப்பநிலை சராசரியாக மைனஸ் 6, 7 டிகிரி வரை போகும். காற்றின் வேகம் சேர்ந்தால் உடம்பு உணரும் குளிர் இன்னும் கடுமை. அதே வேளையில் வீட்டுக்குள்ளும் கடைகளிலும் வெப்பம் 20 டிகிரிக்கு மேல் வைத்திருப்பார்கள். உள்ளே நுழைந்தவுடன் குல்லாவைக் கழற்றிவிட வேண்டும். நம் வழக்கப்படி குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று தூங்கும்போதும் போட்டுவிடாதீர்கள். மகள் முன்பு சொன்ன வியர்வைக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

மப்ளரின் இடத்தில் கழுத்து வளையம். இது மூன்றிலும் சுலபமானது, இதையே முதலில் பின்னிக் கையைப் பழக்கிக்கொள்ளலாம். 8ஆம் எண் வட்ட ஊசியில் 88 கண்ணி ஏற்றி, இரண்டு நிட், இரண்டு பர்ல் ரிப்பாகவே 14 செ.மீ. வரை சுற்றிப் பின்னி மூடுங்கள். ரிப் தானாகவே சுருங்கிக் கழுத்தோடு படியும்; தலை வழியாக நுழைக்கும்போது விரியும். ஒரே எச்சரிக்கை, கண்ணி மூடும் ஓரம் இறுகிவிட்டால் தலை நுழையாது, குழந்தை அலறும். அதனால் மூடுவதற்கு மட்டும் 6ஆம் எண் தடித்த ஊசியை வலது கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வளையம் தாடை வரை வந்தால் போதும், மூக்கை மூடும்படி ஏற்றிவிட வேண்டாம். மூச்சுக் காற்றில் நனைந்து தாடைத் தோல் சிவந்துவிடும். நூல் மிஞ்சினால் இரண்டு வளையம் பின்னி ஒன்று நனைந்தால் மாற்ற வைத்துக்கொள்வது நல்லது.

இங்கே ஒரு வார்த்தை. நம் வீட்டுப் பெரியவர்கள் மார்கழியில் அணியும் குரங்குக் குல்லாவைச் சிலர் கேலி செய்வதுண்டு. தலை, காது, கழுத்து மூன்றையும் ஒரே பொருளில் மூடி, நழுவாமல், தொங்காமல், மாட்டிக்கொள்ளாமல் இருக்கும் அதைவிடக் குழந்தைக்குப் பொருத்தமான குளிர் உடையை நான் பார்த்ததில்லை. ஆங்கிலத்தில் அதற்குப் பாலக்லாவா என்று பெயர். கிரைமியப் போரில், 1854இல் சண்டை நடந்த ஊரின் பெயர் அது. முகத் திறப்பைச் சுற்றிக் கண்ணி எடுத்துப் பின்ன வேண்டியிருப்பதால் உங்களுக்கு இப்போது கொஞ்சம் கடினம். இந்த மூன்றையும் முடித்த பிறகு, அங்கே போய் உட்கார்ந்து குழந்தையின் முகத்தில் அளந்து அளந்து பின்ன ஏற்ற வேலை அது.

கையுறையைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவமே உண்டு. பயிற்சி முடித்த பெருமையில் என் அக்கா மகனுக்கு, அவனுக்கு அப்போது மூன்று வயது, ஐந்து விரலும் வைத்து இரண்டு வண்ணத்தில் ஒரு ஜோடி பின்னினேன். ஒவ்வொரு விரலாக நுழைப்பதற்குள் அவன் முஷ்டியை மடக்கிக்கொள்வான். ஒரு வழியாக நுழைத்தால் உள்பக்கம் ஓடிய வண்ண நூல்களில் விரல் சிக்கிக்கொள்ளும். இரண்டு நாளில் அக்கா அதைப் பெட்டியில் வைத்துவிட்டாள். நான்கைந்து வயதுக்கு முன் விரல் பிரித்த கையுறை வேண்டாம். கட்டைவிரலுக்கு மட்டும் தனி இடம் விட்டு, மற்ற நான்கு விரலும் ஒரே பையில் இருக்கும்படி பின்னும் மிட்டன் போதும். விரல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் சூடும் அதிகம்.

குல்லா தலையைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்றேன். மிட்டனுக்குக் கணக்கு நேர்மாறு. உள்ளே காற்று நிற்கக் கொஞ்சம் இடம் வேண்டும், இறுகினால் விரல் மரத்துப் போகும். உள்ளங்கைச் சுற்றளவு 13 செ.மீ. என்றால் மிட்டன் 14 அல்லது 14.5 செ.மீ. இருக்கலாம். 10ஆம் எண் இருமுனை ஊசிகளில் 28 கண்ணி ஏற்றி, மணிக்கட்டுப் பகுதியை ரிப்பாக 7 செ.மீ. பின்னுங்கள். இது நீளமாகத் தோன்றும். கோட்டின் கைக்குள் செருகும்போது மணிக்கட்டில் பனி நுழையாமல் இருக்கவும், குழந்தை உதறினால் கழன்று விழாமல் இருக்கவும் இந்த நீளம் தேவை. பிறகு 8ஆம் எண் இருமுனை ஊசிகளுக்கு மாறி, முதல் சுற்றில் சம இடைவெளியில் நான்கு கண்ணி கூட்டி 32 ஆக்கி, 3 செ.மீ. நிட்டாகப் பின்னுங்கள். இப்போது கட்டைவிரலுக்கு இடம்: வேறு நிற நூலில் 5 கண்ணி மட்டும் பின்னி, அந்த ஐந்தையும் இடது ஊசிக்குத் திருப்பி, உங்கள் நூலிலேயே மறுபடி பின்னி மேலே தொடருங்கள். ரிப்புக்கு மேல் 9 செ.மீ. ஆனதும் 6 கண்ணிக்குப் பின் இரண்டைச் சேர்ப்பது என்று சுற்றுக்கு நான்காகக் குறையுங்கள். அடுத்தடுத்த குறைப்புச் சுற்றுகளில் நடுவே வரும் கண்ணிகள் ஒவ்வொன்றாகக் குறையும். இடையே ஒரு சுற்று வெறுமனே பின்னி, 8 கண்ணி மிஞ்சியதும் குல்லாவைப் போலவே இறுக்கி முடியுங்கள். பின் அந்த வேறு நிற நூலை உருவினால் மேலும் கீழும் கண்ணிகள் திறந்து நிற்கும்; அவற்றையும் இரு மூலையிலும் ஒவ்வொன்றையும் எடுத்து மொத்தம் 12 கண்ணியில் 3 செ.மீ. பின்னி, இரண்டிரண்டாகச் சேர்த்து இறுக்கினால் கட்டைவிரல் தயார். உருவும் முன் மேலும் கீழும் உள்ள கண்ணிகளைத் தனித்தனி ஊசியில் ஏற்றிக்கொண்டால் நழுவிவிடுமே என்ற பதற்றம் இராது.

இப்படிப் பின்னிய மிட்டனுக்கு இடது வலது கிடையாது, எந்தக் கைக்கும் பொருந்தும். அதனால் இரண்டு பின்னாதீர்கள், மூன்று பின்னுங்கள். டேகேரில் ஒன்று காணாமல் போவது நிச்சயம். மூன்றாவது எந்தக் கையின் இடத்தையும் நிரப்பும். மூன்றிலும் குல்லாவிலும் வளையத்திலும் உள்பக்கம் குழந்தையின் பெயரைத் துணி நாடாவில் எழுதித் தட்டையாகத் தைத்துவிடுங்கள். பொத்தான், மணி எதுவும் வேண்டாம்.

உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று: பின்னிய மிட்டன் வறண்ட குளிருக்கு மிக நல்லது, ஆனால் பனியை அள்ளி விளையாடும்போது அதில் பனி ஒட்டி உருகி நனைத்துவிடும். அதற்கு உங்கள் மகள் கடையில் விற்கும் நீர் புகாத மேலுறையை ஓர் அளவு பெரிதாக வாங்கி, உங்கள் மிட்டனை அதற்கு உள்ளே போட்டுவிடலாம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துப் பகுதியில் நூற்காத பஞ்சுக் கம்பளிக் கொத்துகளைச் சில கண்ணிகளுக்கு ஒன்றாக வைத்துப் பின்னி உள்பக்கத்தை மெத்தை போல ஆக்கும் ஒரு மரபு உண்டு. படங்களைப் பார்த்தால் உங்களுக்கும் ஆசை வரும். பிய்த்து வாயில் வைக்கும் வயது கடக்கட்டும், பிறகு பார்க்கலாம். அந்நாட்டில் காரில் குழந்தை இருக்கையின் பட்டைக்கு உள்ளே தடித்த கோட்டைப் போடக் கூடாது என்பதால், காருக்குள் கோட்டைக் கழற்றிவிட்டுக் குல்லாவும் வளையமும் மிட்டனும் மட்டுமே போட்டிருக்கும் நேரங்கள் நிறைய வரும். உங்கள் கைவேலை அதிகம் உழைக்கப் போவது அப்போதுதான்.

அளவுகளை மகளிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். ஒரு நூலைப் புருவத்துக்கு மேலாகவும் பின்மண்டையின் மேடான இடம் வழியாகவும் சுற்றி, அந்த நூலை அளவுகோலில் வைத்துச் சொல்லட்டும். குழந்தையின் கையை ஒரு தாளில் வைத்துப் பென்சிலால் ஓரம் வரைந்து படமெடுத்து அனுப்பட்டும், பக்கத்தில் அளவுகோல் இருக்க வேண்டும். நடு விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை உள்ள நீளத்தைவிட மிட்டனின் கைப்பகுதி ஒரு செ.மீ. கூடுதலாக இருந்தால் போதும். நான் சொன்ன 9 செ.மீ.யை அதற்கேற்பக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள். தலை 47 என்று வந்தால் 88 கண்ணி, 51 என்று வந்தால் 104 கண்ணி. எட்டின் மடங்கு தவறாமல் பார்த்துக்கொண்டால் உச்சிக் கணக்கு அப்படியே பொருந்தும். நாளைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் நவம்பருக்குள் மூன்றும் முடிந்துவிடும்.

பழைய குல்லாவைப் பிரித்துவிடச் சொல்லாதீர்கள். அதன் சுற்றளவையும் அளக்கச் சொல்லுங்கள். நான் நினைப்பது போல 55 செ.மீ. இருந்து, உங்கள் மருமகனின் தலை 58ஐ ஒட்டி இருக்குமானால், 23 செ.மீ. உயரமும் சேர்ந்து அது அவருக்குக் கச்சிதமாக இருக்கும். அவர் தலையில் அது கண்ணை மறைக்காது.